பெட்டியைக் குறை சொல்லாதீர்கள், கூரையைப் பாருங்கள்!

டிசம்பர் மாதம் என்றால் டெல்லிக்காரருக்குக் கம்பளி. லடாக்கில் இருப்பவருக்குப் பனிக்கட்டி. புரோத்ராபூரில் இருக்கும் நமக்கு? குடை!

அந்தமானில் குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. தென்மேற்குப் பருவமழை மே மாதம் வந்து நனைக்கும். அந்த ஈரம் காய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்கு. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் வானம் கொஞ்சம் மூச்சு விடுகிறது.

இவ்வளவு மழையிலும் வீட்டுக்கு வெளியே அசையாமல் நிற்பவை மூன்று. தென்னை மரம், தகரக் கூரை, அந்தக் கூரையின் மேல் ஆன்டெனா. முதல் இரண்டுக்கும் மழை பழக்கம். மூன்றாவதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

புரோத்ராபூரிலும், பக்கத்தில் கராச்சர்மா, டாலிகஞ்ச் பகுதிகளிலும் கூலி வேலை பார்ப்பவர்கள், அலுவலக குமாஸ்தாக்கள், ஓட்டுநர்கள் என்று நம்மவர்கள் பல பேர் இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் தமிழில் நாலு செய்தி கேட்க வேண்டும். ஊரில் மழையா, வெயிலா என்று தெரிய வேண்டும். அந்த நேரம் பார்த்துப் படம் போய்விடுகிறது. "அண்ணே, பாக்ஸ் போச்சு" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். பாக்ஸ் மாறுகிறது. இரண்டு நாள் படம் வருகிறது. மறுபடியும் மழை, மறுபடியும் இருட்டு. அடுத்து ஒயரை மாற்றுகிறார்கள். கடைசியில்தான் கூரை மேல் ஏறிப் பார்க்கிறார்கள். ஒயர் வந்து சேரும் இடத்தில், விரல் நுனி அளவு உள்ள ஒரு பித்தளை மூடிக்குள் பச்சை பூத்துக் கிடக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியதைக் கடைசியில் பார்க்கிறோம். அதற்குள் ஒரு வாரக் கூலி போய்விடுகிறது. மெயின்லேண்டில் இருந்து சாமான் கப்பலில் வர வேண்டிய ஊர் இது. கடையில் இல்லை என்றால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மழையா, ஈரமா?

பாக்ஸின் மேல் கை வைப்பதற்கு முன் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். படத்தைக் கெடுத்தது வானத்தில் பெய்கிற மழையா, மூட்டுக்குள் புகுந்த ஈரமா? இரண்டும் வேறு.

வீடுகளில் வைக்கும் சிறிய தட்டுகள் பிடிப்பது கே.யூ. பாண்டு அலை. அதன் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனத்த மழைத்துளிகள் இந்தச் சின்ன அலையைக் குடித்துவிடும். ஆகவே பேய்மழை கொட்டும்போது படம் உடைவது இயற்கை. எந்த மெக்கானிக் வந்தாலும் அதைத் தடுக்க முடியாது. மழை குறைந்த சில நிமிஷங்களில் படம் தானாகத் திரும்பிவிடும்.

ஆனால் மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியும் படம் வரவில்லை. அடுத்த நாள் நல்ல வெயில் அடித்த பிறகு வருகிறது. இரவில் பனி இறங்கியதும் மறுபடி போகிறது என்றால், சந்தேகமே வேண்டாம். மூட்டுக்குள் தண்ணீர் இருக்கிறது.

இன்னொரு அடையாளமும் உண்டு. பாதி சானல்கள் மட்டும் வரும், பாதி வராது. காரணம் இதுதான். தட்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற கருவிக்கு, அதே ஒயர் வழியாகத்தான் பாக்ஸ் மின்சாரம் அனுப்புகிறது. 13 வோல்ட் அனுப்பினால் ஒரு வகைச் சானல்கள். 18 வோல்ட் அனுப்பினால் மற்ற வகைச் சானல்கள். மூட்டில் துரு ஏறிவிட்டால் 18 வோல்ட் முழுதாக மேலே போய்ச் சேராது. வழியிலேயே குறைந்துவிடும். எல்.என்.பி. அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். பாக்ஸ் நல்ல பாக்ஸ், தட்டு நல்ல தட்டு. ஆனாலும் பாதி சானலைக் காணோம்!

துளி ஈரம் என்ன செய்யும்?

ஆன்டெனா ஒயரை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றி வெள்ளை நுரைப் பிளாஸ்டிக். அதன் மேல் பளபளக்கும் ஈயத்தாள் போல அலுமினியத் தாள். அதற்கும் மேல் அலுமினிய இழைப் பின்னல். கடைசியில் கறுப்பு உறை. நடுக் கம்பி முழுவதும் செம்பு என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான ஒயர்களில் இரும்புக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சுதான் இருக்கும். பூச்சு அரித்துப் போனால் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். தொட்டால் ஒடிந்து விழும்.

செம்பு ஒரு உலோகம், அலுமினியம் ஒரு உலோகம், மூடியின் மேல் இருப்பது வேறொரு உலோகப் பூச்சு. இந்த மூன்றுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்? டார்ச் லைட் பேட்டரிக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். ஒன்றை ஒன்று அரிக்கும். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். செம்பு பச்சை பூக்கும். இது போதாதென்று, நாம்தான் அதற்குள் 18 வோல்ட் மின்சாரத்தை வேறு விட்டுக்கொண்டிருக்கிறோம். அரிப்பு இரட்டை வேகத்தில் நடக்கும். தீவில் கடலுக்கு எட்டாத தூரம் என்று ஒன்று இல்லை. காற்றிலேயே உப்பு வருகிறது. மழை நின்ற பிறகும் அந்த உப்பு மூட்டின் மேல் உட்கார்ந்து காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் உள்ளே போன இடத்தில் நிற்பதும் இல்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இழைப் பின்னலின் இடுக்கு வழியாக நெடுந்தூரம் ஊர்ந்து போகும். மூட்டை மட்டும் மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்று இறங்கி வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். பின்னல் கறுத்திருந்தால் ஒயரை ஓர் அடி வெட்டிப் பாருங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் இன்னும் ஓர் அடி. பளபளப்பான உலோகம் தெரியும் இடம்வரை வெட்ட வேண்டும். ஒயர் எட்டாமல் போனால் முழு ஒயரையும் மாற்றுங்கள். நடுவில் இன்னொரு மூட்டுப் போடுவது தண்ணீருக்கு இன்னொரு வாசல் வைப்பதாகும்.

நம் ஊர்க் கடலோரத்தில் இருந்து வந்தவர்களுக்கு இது புதுக் கதை அல்ல. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது, ராமநாதபுரம் கடலோரத்தில் உயர்ந்த கம்பம் நட்டு, அலுமினியக் குழாய் ஆன்டெனா கட்டி அந்தப் படத்தைப் பிடித்தார்கள். அப்போது தட்டை ஒயர். இரண்டு முனையையும் திருகி, ஆணியில் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டினால் வேலை முடிந்தது. கடல்காற்றில் அந்த ஆணிதான் முதலில் போகும். அன்று படத்தில் "கொசு" பறந்தது. இன்று படம் கட்டம் கட்டமாக உடைகிறது. வியாதி ஒன்றுதான்.

கனடாவிலும் நார்வேயிலும் இருக்கும் நம்மவர்களுக்கு இதே வியாதி வேறு வேஷத்தில் வருகிறது. அங்கே மூட்டில் புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டி ஆகும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். மூடியையும் டேப்பையும் நெம்பித் திறந்துவிடும். மறுபடி உருகி, இன்னும் உள்ளே போகும். நமக்குப் பனிக்கட்டி இல்லை, உப்பு இருக்கிறது. மருந்து இரண்டு ஊருக்கும் ஒன்றே: தண்ணீரை உள்ளே விடாதே.

வானத்தை அண்ணாந்து பார்க்கும் தட்டு

அந்தமானுக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. மெயின்லேண்டில் தட்டு மாட்டிப் பழகியவர்கள்கூட இதை யோசிப்பதில்லை.

செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கின்றன. இந்தியாவின் இன்சாட் வரிசைக்கு உள்ள இடங்களில் ஒன்று கிழக்கு 93.5 டிகிரி. நம் தீவு இருப்பதோ ஏறத்தாழ 92.7 டிகிரியில். அதாவது அந்தக் கோள் கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலே நிற்கிறது! டெல்லியில் அதே கோளைப் பார்க்கத் தட்டின் பார்வை அடிவானத்தில் இருந்து 52 டிகிரி உயர்ந்தால் போதும். இங்கே சுமார் 76 டிகிரி உயர வேண்டும்.

இதனால் என்ன? பெரிய வட்டத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு நிறைய இருக்கிறது. தூர்தர்ஷன் தன் இலவச டி.டி.எச். சேவையை நாடெங்கும் கே.யூ. பாண்டில் கொடுத்தபோது, அந்த அலை தீவுகளைச் சரியாக எட்டவில்லை. ஆகவே அந்தமான் நிகோபாருக்கென்று தனியாக சி பாண்டில் ஒரு சேவை தொடங்கியது. சி பாண்டு அலை மழைக்கு அவ்வளவாகப் பயப்படாது. ஆனால் அதற்குப் பெரிய தட்டு வேண்டும். அப்படிப்பட்ட தட்டு இங்கே ஏறக்குறைய மல்லாந்து, பாயசக் கிண்ணம்போல் கிடக்கும். மழைத் தண்ணீரும் தேங்காய் ஓலைச் சருகும் அதில் தேங்கும். அடியில் வடிகால் துளை இருக்கிறதா, அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலைக்கம்பித் தட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எல்.என்.பி.யும் அப்படித்தான். தட்டு மல்லாந்தால், அதை எட்டிப் பார்க்கும் எல்.என்.பி. குப்புறக் கவிழும். ஒயர் மாட்டும் வாய் பின்பக்கம் உள்ள வகையாக இருந்தால், அந்த வாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். மழையைப் புனல் வைத்து ஊற்றியது போலத்தான்! வாய் கீழ்நோக்கி உள்ள வகையை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் மூட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் குடுவையைப் பாதியாக வெட்டித் தொப்பிபோல் கவிழ்த்துக் கட்டுங்கள். அழகாக இருக்காது. வேலை செய்யும். ஆனால் தட்டைப் பார்க்கும் முன்பக்கத்தை மட்டும் எதைக் கொண்டும் மறைத்துவிடாதீர்கள்.

மூட்டைக் கட்டும் முறை

கடையில் மூன்று விதமான மூடிகள் கிடைக்கின்றன. கையால் திருகி ஏற்றுவது மலிவு. தண்ணீர் புகுவதற்கும் அதுவே சுலபம். கருவியால் நசுக்கி மாட்டுவது அதைவிட நல்லது. நீளவாக்கில் அழுத்தி இறுக்கும் வகைதான் மழைக்கு மிகவும் ஏற்றது. அதற்குத் தனிக் கருவி வேண்டும் என்பதால் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

வேலை தொடங்குவதற்கு முன் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மின்சாரம் ஓடும்போது நடுக் கம்பியும் பின்னலும் தொட்டுக்கொண்டால் பாக்ஸ் கெட்டுப்போகலாம். ஒயரைச் சீவும்போது ஓர் இழைகூட நடுக் கம்பியின் மேல் படக்கூடாது. ஒரே ஓர் இழை பட்டாலும் படம் வராது. மூடியைக் கையால் திருகி, ஸ்பேனரால் இன்னும் கொஞ்சம் மட்டும் இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் எல்.என்.பி.யின் மரை போய்விடும்.

அதன் மேல் டேப். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுவிட்சுப் பெட்டிக்குச் சுற்றும் சாதாரண பிளாஸ்டிக் டேப் வெயிலில் பசை உருகி, ஒரு கோடையிலேயே அவிழ்ந்து வால்போல் ஆடும். வேண்டியது பசையே இல்லாத கறுப்பு ரப்பர் டேப். இழுத்துச் சுற்றினால் ஒரு சுற்று மறு சுற்றோடு தானே ஒட்டி, ஒரே ரப்பர்க் குழாய்போல் ஆகிவிடும். எலெக்ட்ரிக் கடைகளில் கேட்டால் தெரியும்.

அந்த டேப்பை நன்றாக இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். கீழே இருந்து மேலே போக வேண்டும். ஓடு வேய்கிறவரைக் கேளுங்கள். கீழ் வரிசையை முதலில் வைத்து, அதன் மேல் மேல் வரிசையை ஏற்றி வைப்பார். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை ஏந்தும் வாயாகிவிடும். ரப்பர் டேப்புக்கு மேல் வெயில் தாங்குவதற்காகச் சாதாரண டேப்பை ஒரு சுற்றுச் சுற்றலாம். அதற்கு அந்த வேலை மட்டும் போதும்.

டேப் கிடைக்காதபோது சிலர் சிலிகான் பசையைப் பிதுக்கி அப்பிவிடுகிறார்கள். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புளித்த காடி வாசனை அடித்தால் அதை மூட்டில் போடாதீர்கள். அது காயும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும். வாசனை இல்லாத வகை பரவாயில்லை. இன்னும் சிலர் பிசைந்து ஒட்டும் எம்-சீலைக் கட்டி கட்டியாக அப்புகிறார்கள். அது கல்லாகி விடும். பிறகு மூட்டைத் திறக்க வேண்டுமானால் எல்.என்.பி.யை உடைக்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே ஈரம் இருந்தால் அதுவும் வெளியே வர வழியில்லை. புரோத்ராபூரில் மாவட்டச் சிறை ஒன்று இருக்கிறது. ஈரத்துக்கென்று கூரை மேல் இன்னொரு சிறை எதற்கு?

எல்.என்.பி.யின் உடலிலோ, பழைய ஆன்டெனாவின் பிளாஸ்டிக் பெட்டியிலோ அடியில் ஊசித் துளை இருந்தால் அதை அடைக்காதீர்கள். உள்ளே சேரும் வியர்வை வடிவதற்காக வைத்த துளை அது.

டேப்பைவிட மலிவான காவல் ஒன்று உண்டு. காசே வேண்டாம். ஒயர் மூட்டில் இருந்து இறங்கும் இடத்திலும், சுவரில் நுழையும் இடத்திலும் அதைக் கொஞ்சம் தொங்கவிட்டு, ஊஞ்சல் கயிறுபோல் வளைத்துக் கட்டுங்கள். ஒயரின் மேல் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். சுவர் ஏறி வீட்டுக்குள் வராது. ஒயரை விறைப்பாக இழுத்துக் கட்டினால் தண்ணீர் நேரே பாக்ஸுக்கே வந்து சேரும்!

காற்றும் இடியும்

2013 நவம்பரில் லெஹர் புயல் போர்ட் பிளேர் அருகே தீவைக் கடந்தது. (அந்த நகருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது.) அப்படிப்பட்ட காற்றில் தட்டு பறப்பதைத் தவிர்க்க முடியாமல் போகலாம். ஆனால் தட்டை விட்டுவிட்டு மூட்டு மட்டும் ஆடி ஆடித் தளர்வது சாதாரணக் காற்றிலேயே நடக்கிறது. ஒயரை எல்.என்.பி. தாங்கியோடு சேர்த்து இரண்டு மூன்று இடங்களில் கட்டிவிட்டால், காற்றின் இழுப்பு மூட்டின் மேல் விழாது.

கம்பத்துக்குத் தரைக்கம்பி இணைப்புக் கொடுப்பது நல்லது. ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில் இடி இடிக்கும்போது டி.வி. பார்க்க வேண்டாம். பிளக்கையும் ஆன்டெனா ஒயரையும் கழற்றி வையுங்கள். மின்கம்பி போகும் பக்கம் கம்பம் நடவே கூடாது. சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

கடலடி கேபிள் வந்த பிறகு

"இப்போதுதான் எல்லாம் போனிலேயே வருகிறதே" என்று சில இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயம்தான். சென்னையில் இருந்து கடலுக்கடியில் சுமார் 2,312 கிலோமீட்டர் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்ட் 10-ந் தேதி திறந்து வைத்தார்கள். அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பி ஒரு படத்தை இறக்க இரவெல்லாம் காத்திருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

ஆனாலும் 2004 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அந்த மாதம் பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் டெல்லியில் இருந்து போர்ட் பிளேருக்கு வந்து, அமெச்சூர் ரேடியோ நிலையம் ஒன்று அமைத்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அது பொழுதுபோக்குக்காகச் செய்த வேலை. 26-ந் தேதி காலை பூமி குலுங்கியது; கடல் பொங்கியது. தொலைபேசிகள் செத்தன. அந்த ரேடியோவும் அதன் ஆன்டெனாவும் நின்றன. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று மெயின்லேண்டில் தவித்தவர்களுக்கு அதன் வழியாகத் தகவல் போனது. கேபிளும் கோபுரமும் சாய்கிற நாளில் ஒரு கம்பியும், அதன் நல்ல மூட்டும் என்ன செய்யும் என்பதைத் தீவு நேரில் பார்த்திருக்கிறது.

1963-ல் தொடங்கிய போர்ட் பிளேர் வானொலியைக் கேட்கப் பேட்டரி டிரான்சிஸ்டர் ஒன்று போதும், கூரைக்கம்பி வேண்டாம். புயல் எச்சரிக்கைக்கு அதையும் ஒரு மூலையில் வைத்திருங்கள். மரத்தடியிலோ பள்ளத்திலோ உள்ள வீட்டில் சத்தம் குறைந்தால், வெளியே ஒரு கம்பி கட்டி உள்ளே கொண்டுவருவார்கள். அந்த மூட்டுக்கும் மேலே சொன்ன வைத்தியமே.

எப்போது ஏறுவது? மார்ச், ஏப்ரலில், நான்கைந்து நாள் தொடர்ந்து வெயில் அடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஈரக் கூரையில் ஏறாதீர்கள். தகரத்தின் மேல் நடக்கும்போது ஆணி அடித்த வரிசையிலேயே கால் வையுங்கள். அதன் அடியில்தான் மரச்சட்டம் இருக்கும். கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பழைய டேப் வெளுத்து விரிசல் விட்டிருந்தால் அதன் மேலேயே புதிதைச் சுற்றிவிட்டு இறங்காதீர்கள். முழுவதும் பிரித்து, மூட்டைக் கழற்றி, உள்ளே பச்சையோ வெள்ளைப் பொடியோ இருக்கிறதா என்று பார்த்து, துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்ட பிறகு கட்டுங்கள்.